சாட்சியம் போதாது என்று ஹேபியஸ் கார்பஸ் போட்டு, வெளிநாட்டுக்கு ஒப்படைப்பதைத் தடுக்க முடியுமா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா வீட்டுக்காரர் அமெரிக்காவில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பொய் இன்வாய்ஸ் போட்டுக் கம்பெனிப் பணத்தைத் திருப்பிவிட்டதாக அங்கே அவர்மேல் வழக்கு. அமெரிக்கா கேட்டதன் பேரில் இங்கே கைது செய்து டெல்லிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது திகார் சிறையில் இருக்கிறார், பாட்டியாலா ஹவுஸ் கோர்ட்டில் விசாரணை நடக்கிறது. "வந்திருக்கிற பேப்பர்ல ஒரு போலீஸ் அதிகாரியோட அஃபிடவிட்டும், கூட வேலை பார்த்த ஒருத்தர் வாக்குமூலமும், கொஞ்சம் மெயிலும்தான் சார் இருக்கு. இதை வச்சு ஆளை அனுப்பிடுவாங்களா? மாஜிஸ்திரேட் என்ன வேணா எழுதட்டும், அப்புறம் சென்னை ஹைகோர்ட்ல ஹேபியஸ் கார்பஸ் போட்டு வெளிய கொண்டுவந்துடலாம்னு எங்க வக்கீல் சொல்றார். நம்பலாமா?"

நம்பாதீர்கள் தம்பி. அந்த யோசனையில் மனுவும் தவறு, கோர்ட்டும் தவறு. எல்லாவற்றையும்விட ஆபத்தானது "அப்புறம்" என்ற அந்த ஒரு வார்த்தை. கடலூரிலும் புதுச்சேரியிலும் முப்பது வருஷமாக வக்கீல் தொழில் செய்கிறேன். இந்த "அப்புறம்" ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் வக்கீல் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. ஹேபியஸ் கார்பஸ் என்பது ஆட்கொணர்வு மனு, சட்டவிரோதக் காவலில் இருப்பவரை விடுவிக்கச் சொல்லி ஹைகோர்ட்டில் போடுவது. எங்கள் பக்கத்தில் அது என்றாலே நினைவுக்கு வருவது குண்டாஸ். கடலூர் கேப்பர் மலைச் சிறையில் அந்தக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் (1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம்) அடைக்கப்பட்டவருக்காக இந்த மனுவைப் போடுகிறோம். மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், கொடுத்த புக்லெட்டில் பக்கம் தெளிவில்லை, தமிழ் மொழிபெயர்ப்பு இல்லை என்று ஒரு ஓட்டையைக் காட்டினால் ஹைகோர்ட் உத்தரவை ரத்து செய்துவிடும். அங்கே ஆளை அடைத்தது கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ. நீதிபதி யாரும் சாட்சியத்தைப் பார்த்து உத்தரவு போடவில்லை. அதனால்தான் ஹைகோர்ட் அவ்வளவு கறாராகப் பார்க்கிறது.

உங்கள் மாமா இருப்பது வேறு காவலில். ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் உட்கார்ந்து, இரண்டு தரப்பையும் கேட்டு, நீதித்துறை உத்தரவாகப் போடும் காவல் அது. அந்த மாதிரிக் காவலுக்கு எதிராக ஹேபியஸ் கார்பஸ் பொதுவாக நிற்காது என்று உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லிவிட்டது. 2023 ஆகஸ்டில் செந்தில் பாலாஜி வழக்கில் சொன்னதும் அதுதான்: நீதிமன்றம் ரிமாண்ட் செய்தபின் அந்த உத்தரவை அதற்குரிய வழியில் எதிர்க்க வேண்டும். சட்டம் கட்டாயமாக்கியதை மீறிப் போட்ட ரிமாண்டாக இருந்தால்தான் ஆட்கொணர்வு மனுவுக்கு இடம். "சாட்சியம் போதாது" என்பது அந்த விதிவிலக்குக்குள் வராது.

இனி சட்டம். 1962-ஆம் ஆண்டின் எக்ஸ்ட்ராடிஷன் சட்டம், அதாவது ஆளை வெளிநாட்டுக்கு ஒப்படைப்பதற்கான சட்டம், அந்த ஆண்டின் 34-ஆவது சட்டம். வெளிநாட்டிலிருந்து கோரிக்கை வந்தால் மத்திய அரசு 5-ஆவது பிரிவின்படி ஒரு மாஜிஸ்திரேட்டை விசாரிக்கச் சொல்லும். பெரும்பாலும் அது டெல்லி மாஜிஸ்திரேட்தான். ஆள் புதுச்சேரியில் பிடிபட்டாலும் விசாரணை டெல்லியில் என்றால், அந்த உத்தரவை எதிர்க்க வேண்டிய இடம் டெல்லி ஹைகோர்ட். புதுச்சேரி சென்னை ஹைகோர்ட்டின் எல்லைக்குள் வருவதால் சென்னையில் போடலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த எல்லைப் பிரச்சினையை வாதாடி முடிப்பதற்குள்ளேயே வாரங்கள் ஓடிவிடும்.

7-ஆவது பிரிவுதான் உங்கள் வழக்கின் உயிர். அதைத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லி அக்காவையும் உட்காரவைத்துக் கேளுங்கள். கோரிக்கை விடுத்த நாட்டின் சாட்சியத்தை மாஜிஸ்திரேட் எடுத்துக்கொள்ள வேண்டும், பிடிபட்டவர் தரப்பில் கொடுக்கும் சாட்சியத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. முகாந்திரம், அதாவது வழக்கைத் தொடர முதற்பார்வைக்குப் போதுமான ஆதாரம், இல்லை என்றால் அவரை விடுவிக்க வேண்டும். இருக்கிறது என்றால் சிறையில் வைத்து மத்திய அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். பிடிபட்டவர் எழுத்தில் கொடுக்க விரும்பும் அறிக்கையையும் அதனோடு சேர்த்து அனுப்ப வேண்டும். "அவர் தரப்பில் கொடுக்கும் சாட்சியம்" என்ற அந்தக் கதவு திறந்திருப்பது இங்கே மட்டும்தான். பிறகு எந்தப் படியிலும் அது இவ்வளவு அகலமாகத் திறக்காது.

முகாந்திரம் என்றால் எவ்வளவு? இங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும் அளவு தேவையில்லை. இந்தியா–அமெரிக்கா ஒப்பந்தம் 1997-இல் கையெழுத்தாகி 1999-இல் நடைமுறைக்கு வந்தது. இதே குற்றம் இந்தியாவில் நடந்திருந்தால் ஆளை விசாரணைக்கு அனுப்பப் போதுமான தகவல் இருக்கிறதா என்பதுதான் அதன் அளவுகோல். நம் செஷன்ஸ் கோர்ட்டில் குற்றச்சாட்டு வனையும்போது பார்ப்பார்களே, ஏறக்குறைய அந்த அளவு. சரப்ஜித் ரிக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. அதுவும் அமெரிக்கா கேட்ட ஆள்தான், போதைப்பொருள், பணமோசடி வழக்கு. மாஜிஸ்திரேட் நடத்துவது வழக்கு விசாரணை இல்லை, சாட்சியச் சட்டத்தின் முறைப்படி ஒவ்வொன்றையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பு. 10-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. உங்கள் மாமா முன்னிலையில் எடுக்காத வாக்குமூலம்கூட, முறைப்படி சான்றளிக்கப்பட்டு முத்திரையோடு வந்தால் சாட்சியமாக ஏற்கப்படும். ஆகவே "வெறும் அஃபிடவிட்தானே" என்ற வாதம் தனியாக நிற்காது. சாட்சியை நேரில் கொண்டுவந்து குறுக்கு விசாரணை செய்யவேண்டும் என்று கேட்டாலும் கிடைக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லா நாட்டுக்கும் இந்த முகாந்திரப் பரிசோதனை கிடையாது. சட்டத்தின் மூன்றாவது அத்தியாயம் பொருந்தும் நாடாக இருந்தால், வாரண்ட் சரியாகச் சான்றளிக்கப்பட்டதா, குற்றம் ஒப்படைப்புக்கு உரியதா என்ற இரண்டோடு மாஜிஸ்திரேட்டின் வேலை முடிந்தது. சாட்சியம் எவ்வளவு என்ற கேள்வியே அங்கே எழாது. அமெரிக்காவுக்கு அந்த அத்தியாயம் பொருந்தாது என்பது உங்களுக்கு நல்லது.

சரி, ஹேபியஸ் கார்பஸுக்கும் நாட்டுக்கு நாடு ஒப்படைப்பதற்கும் இருக்கும் இந்தத் தொடர்பு எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் 1870-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து. ஆளைச் சிறைக்கு அனுப்பும் மாஜிஸ்திரேட், "உன்னைப் பதினைந்து நாளுக்குள் அனுப்ப மாட்டார்கள், ஹேபியஸ் கார்பஸ் கேட்க உனக்கு உரிமை உண்டு" என்று வாயால் சொல்லவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. நம் 1962 சட்டத்தின் 31-ஆவது பிரிவிலும் அந்தப் பதினைந்து நாள் அப்படியே இருக்கிறது. அந்த நாள் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்ற வரிதான் இல்லை. அதனால் பலர் அந்தப் பதினைந்து நாளை ஏதோ அலுவலகக் கால அவகாசம் என்று நினைத்து வீணாக்குகிறார்கள். உயர் நீதிமன்றத்துக்கு ஓடுவதற்காகவே விட்டுவைத்த நாட்கள் அவை.

அமெரிக்காவில் இன்றும் ஹேபியஸ்தான் வழி, ஏனென்றால் அங்கே ஒப்படைப்பு உத்தரவுக்கு நேரடி மேல்முறையீடு இல்லை. அதன் அளவைத் தீர்மானித்த பழைய வழக்குகளில் ஒன்று நம் நாட்டுச் சங்கதி. பம்பாயில் ஏமாற்றி நகை வாங்கிவிட்டு ஓடியதாகக் காலின்ஸ் என்பவரை நியூ ஆர்லியன்ஸில் பிடித்தார்கள். 1922-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது: அரசுத் தரப்புச் சாட்சியத்தை விளக்கிக் காட்டும் ஆதாரத்தை அனுமதிக்கலாம், அதைப் பொய் என்று மறுக்கும் ஆதாரத்தை அனுமதிக்க வேண்டியதில்லை. மறுப்பது விசாரணைக் கோர்ட்டில் செய்யவேண்டிய வேலை. அப்புறம் 1925-இல் நீதிபதி ஹோம்ஸ், ஹேபியஸ் மனுவில் மூன்றே கேள்விதான் என்று சுருக்கினார். மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருந்ததா, குற்றம் ஒப்பந்தத்துக்குள் வருகிறதா, குற்றவாளி என்று நம்ப நியாயமான காரணம் தரும் சாட்சியம் ஏதாவது இருந்ததா. "ஏதாவது" என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். போதுமா என்று தராசில் வைத்து நிறுப்பது இல்லை அது.

தஹாவூர் ராணா வழக்கு எல்லாருக்கும் தெரியும், அதையே அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மும்பைத் தாக்குதல் குற்றச்சாட்டில் 2011-இல் சிகாகோ ஜூரி அவரை விடுவித்தது, வேறு குற்றச்சாட்டுகளில் தண்டித்தது. இந்தியா கேட்டதால் 2020 ஜூனில் மறுபடி கைது. 2023 மே மாதம் கலிபோர்னியா மாஜிஸ்திரேட் ஒப்படைக்கலாம் என்றார். ஒரே குற்றத்துக்கு இரண்டு முறையா, இந்தியா கொடுத்த சாட்சியம் போதுமா என்று இரண்டையும் சொல்லி ஹேபியஸ் போட்டார். ஆகஸ்டில் தள்ளுபடி. 2024 ஆகஸ்டில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், நம்பத்தகுந்த காரணத்துக்குத் தேவையான சாட்சியம் இருக்கிறது என்று அதை உறுதிசெய்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கைவிரித்தது, ஏப்ரல் 10 அன்று டெல்லியில் இறங்கினார். ஜூரி ஒரு குற்றச்சாட்டில் விடுதலை செய்த ஆளுக்கே சாட்சிய வாதம் கைகொடுக்கவில்லை.

இங்கிலாந்து நீதிபதிகள் ஒரு காலத்தில் கொஞ்சம் ஆழமாகப் பார்த்தார்கள். 1966-இல் கானா நாட்டின் அர்மா வழக்கில், அன்று அங்கே உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, ஏதோ ஒரு துளி சாட்சியம் இருக்கிறது என்பது போதாது, பலமான அனுமானத்தைத் தரும் அளவு இருக்கிறதா என்று ஹேபியஸ் கோர்ட் பார்க்கலாம் என்றது. அது 1881-ஆம் ஆண்டு தப்பியோடியோர் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. அதே சட்டத்தில்தான் 1910-இல் லண்டனில் சாவர்க்கரைப் பிடித்தார்கள். அவரும் ஹேபியஸ் கார்பஸ் போட்டுத் தோற்றுத்தான் கப்பலேறினார். மார்சேயில் கடலில் குதித்துக் கரையேறிய கதையும், பிரான்ஸ் அதற்காக ஹேக் நடுவர் மன்றம் வரை போய் 1911 பிப்ரவரியில் தோற்ற கதையும் தெரிந்ததுதானே. லண்டனில் அவரோடு இருந்த வ.வே.சு. ஐயர் அதே 1910-இல் வந்து சேர்ந்த இடம் நம் புதுச்சேரி. பாரதி 1908-லேயே வந்துவிட்டார். பிரிட்டிஷ் வாரண்ட் பிரெஞ்சு மண்ணில் செல்லாது என்பதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே காப்பு. 1918 நவம்பர் 20 அன்று பாரதி எல்லை தாண்டியதும் பிடித்துக் கடலூர் சிறையில் வைத்தார்கள், டிசம்பர் 14 அன்றுதான் விட்டார்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இன்று நாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே தாண்டும் இடத்தில் அன்று ஒரு மனிதனின் விடுதலை முடிந்துபோனது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

உங்கள் வழக்குக்கு வருகிறேன். முகாந்திரத்தை உடைக்கக்கூடிய வாதம் எது, உடைக்காத வாதம் எது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். "அந்தச் சாட்சி பொய் சொல்கிறான், அவனுக்கும் மாமாவுக்கும் ஆகாது" என்பது உடைக்காது. சாட்சியின் நம்பகத்தன்மையை நிறுப்பது அங்கே ஜூரியின் வேலை என்று சொல்லிவிடுவார்கள். "லாகின் பாஸ்வேர்டு நாலு பேருக்குத் தெரியும்" என்பதும் தனியாக உடைக்காது, ஆனால் கம்பெனியே எழுதிய மெயிலில் அது இருந்தால் நிலைமை வேறு. அப்போது அது அவர்களுடைய ஆவணத்தையே விளக்கிக் காட்டும் ஆதாரமாகிவிடுகிறது.

உடைக்கக்கூடியது என்ன? அஃபிடவிட்டை வரிவரியாகப் படியுங்கள். "விசாரணையில் தெரியவந்தது" என்று அதிகாரி எழுதிய ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் கோடு போடுங்கள். தெரியவந்தது எதிலிருந்து? வங்கிக் கணக்குப் பதிவு இணைத்திருக்கிறார்களா? பணம் போய்ச் சேர்ந்த கணக்கு மாமா பெயரில் என்பதற்குத் தாள் இருக்கிறதா? செயலுக்கும் ஆளுக்கும் நடுவே முடிச்சுப் போடும் ஆவணம் ஒன்றுகூட இல்லை, அதிகாரியின் முடிவு மட்டும்தான் இருக்கிறது என்றால், அதைச் சாட்சியம் குறைவு என்று வாதாடாதீர்கள். அந்தக் கூறுக்குச் சாட்சியமே இல்லை என்று வாதாடுங்கள். "குறைவு" என்றால் மேல்கோர்ட் திரும்பிப் பார்க்காது. "இல்லவே இல்லை" என்றால் பார்த்தே ஆகவேண்டும், ஏனென்றால் சாட்சியமே இல்லாமல் போட்ட உத்தரவு அதிகாரத்தை மீறிய உத்தரவு. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் உங்கள் மாமாவின் வழக்கு இருக்கிறது.

அப்புறம் பெயர். நம் ஆட்களுக்கே உரிய சிக்கல் இது. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. அமெரிக்காவில் அப்பா பெயர் கடைசிப் பெயராகி, ஒரே கம்பெனியில் மூன்று "முருகன்" வந்துவிடுவார்கள். புதுச்சேரியிலோ பிரெஞ்சு ஆட்சியின் 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டவர்களின் வாரிசுகள் வேறு இருக்கிறார்கள். பிரெஞ்சுப் பதிவேட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், ரேஷன் கார்டில் இன்னொன்று. மெயிலில் இருக்கும் பெயரும் வாரண்டில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டும் ஒரே ஆள்தானா என்பது முகாந்திரத்தின் முதல் கேள்வி.

நான் பார்த்த குடும்பத்தின் கதை இதுதான். கடலூர் பக்கத்துக் கடலோரக் கிராமம், வளைகுடா நாட்டின் கோரிக்கை. எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை பெயர் வேறு ஆள் என்று காட்டும் தாள்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தன. "இப்பவே காட்டினா எதிர்த் தரப்பு சுதாரிச்சுக்கும், ஹைகோர்ட்ல காட்டலாம்" என்று ஒரு மூத்த வக்கீல் சொன்னார். அவருக்குத் துணையாக நானும் அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். இதையெல்லாம் மாஜிஸ்திரேட்டிடம் ஏன் காட்டவில்லை என்று ஹைகோர்ட் கேட்டது. எங்களிடம் பதில் இல்லை. அந்தப் பையனின் அம்மா கோர்ட் வராந்தாவில் அந்தத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் அந்த அம்மாதான்.

மாஜிஸ்திரேட் முகாந்திரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால்? அன்றே உத்தரவின் நகல் கேளுங்கள். பதினைந்து நாளுக்குள் அரசியல் சட்டத்தின் 226, 227-இன் கீழோ, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ஆவது பிரிவின் கீழோ டெல்லி ஹைகோர்ட்டில் உத்தரவை எதிர்த்து மனு. கூடவே இடைக்காலத் தடை. அதோடு, மத்திய அரசுக்கான எழுத்து அறிக்கையைச் சம்பிரதாயத்துக்கு எழுதாதீர்கள். 29-ஆவது பிரிவின்படி வழக்கு அற்பமானது, கோரிக்கை நல்லெண்ணத்தோடு வரவில்லை, ஒப்படைப்பது அநீதி என்று பட்டால் மத்திய அரசே ஆளை விடுவிக்கலாம். சாட்சியத்தைத் தாண்டிய மனிதக் காரணங்களைச் சொல்ல அது ஒன்றுதான் இடம். அக்காவின் உடல்நிலை, பிள்ளைகளின் நிலை எல்லாம் அங்கே போகட்டும்.

உங்கள் வக்கீல் சொல்லும் ஹேபியஸ் கார்பஸைவிட உங்கள் கையில் உண்மையிலேயே இருக்கும் ஆயுதம் 24-ஆவது பிரிவு. சிறைக்கு அனுப்பி இரண்டு மாதத்துக்குள் நாட்டைவிட்டுக் கொண்டுபோகவில்லை என்றால், மத்திய அரசுக்கு நோட்டீஸ் கொடுத்து ஹைகோர்ட்டை விடுதலை கேட்கலாம். தகுந்த காரணம் காட்டினால் தவிர விட்டாகவேண்டும். அதேபோல, முறையான கோரிக்கை வருமுன் தற்காலிகமாகக் கைது செய்து 60 நாளில் கோரிக்கை வரவில்லை என்றாலோ, வெறும் இன்டர்போல் ரெட் நோட்டீஸை மட்டும் வைத்துப் பிடித்திருந்தாலோ அங்கே ஆட்கொணர்வு மனு நன்றாகவே நிற்கும். ரெட் நோட்டீஸ் மட்டும் கைது வாரண்ட் ஆகாது என்பது 2009-லேயே லக்கானி வழக்கில் முடிந்த விஷயம். ஜாமீன் 25-ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடமே கேட்கலாம், அந்த விஷயத்தில் அவருக்கு செஷன்ஸ் கோர்ட்டின் அதிகாரம் உண்டு.

கடிதத்தின் கடைசியில், மாமாவுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிவிட்டால் தப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். தன் குடிமக்களை ஒப்படைக்காதது பிரான்ஸ், அதுவும் ஆள் அவர்கள் மண்ணில் இருக்கும்போது. புதுச்சேரியில் பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு இருப்பவரை இந்தியா வேறு நாட்டுக்கு ஒப்படைக்க அது தடையே இல்லை. ஒப்படைக்காமல் வெளியேற்றவும் செய்யலாம். வெளிநாட்டவரை வெளியேற்றுவது வேறு, ஒப்படைப்பது வேறு என்று 1955-லேயே ஹான்ஸ் முல்லர் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. நாம் இரண்டையும் "நாடு கடத்தல்" என்று ஒரே சொல்லில் சொல்வதால் வரும் குழப்பம் இது.

குற்றம் நடந்ததாகச் சொல்லும் மூன்று வாரமும் மாமா லீவில் புதுச்சேரியில் இருந்தார் என்று எழுதியிருந்தீர்களே, எனக்கு மனசு நின்ற இடம் அது. பாஸ்போர்ட்டில் சென்னை ஏர்போர்ட் முத்திரை இருக்கும். அஃபிடவிட்டில் அவர் நேரில் வங்கிக் கவுன்ட்டரில் கையெழுத்திட்டதாக ஒரு தேதி இருந்து, அந்தத் தேதி இந்த மூன்று வாரத்துக்குள் விழுந்தால், அது வெறும் மறுப்பு இல்லை. அவர்களுடைய முடிச்சே அவிழ்ந்துவிடும். மெயிலில் மட்டும் நடந்த காரியம் என்றால் முத்திரையால் பெரிய பயன் இல்லை, மெயில் எங்கிருந்தும் அனுப்பலாம். ஆகவே முதலில் அந்தத் தேதியைக் கண்டுபிடியுங்கள். அடுத்த வாய்தாவுக்கு முன்னால் இதை 7-ஆவது பிரிவின் கீழ் சாட்சியமாக எடுத்துக்கொள்ளச் சொல்லி டெல்லி வக்கீல் மூலம் மனு போடவேண்டும். மாஜிஸ்திரேட் மறுத்தால் மறுத்ததை எழுத்தில் வாங்கவேண்டும், அந்த மறுப்பே பிறகு ஹைகோர்ட்டில் உங்களுக்கு நல்ல காரணம். புதுப்பித்தபோது ரத்து செய்து திருப்பிக் கொடுத்த பழைய பாஸ்போர்ட்டைப் பலர் பீரோவில் எங்கேயோ போட்டுவிடுவார்கள். இன்றைக்கு ராத்திரியே அக்காவைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.